இடம் கிடைக்காத மெஷின்

— நேத்து அணைச்சது நீதானே நிர்மலா? இப்போ எந்திரிக்க மாட்டேங்கு, பாத்துக்கோ.

— சுந்தரபாண்டியன் அண்ணாச்சி, கொஞ்சம் சத்தமாப் பேசுங்க. ஐந்தருவியில நிக்கேன். தண்ணி எரைச்சல்ல ஒண்ணும் கேக்கல. எது எந்திரிக்கல?

— நூர்நிஷாம்மா லேப்புக்கு நாம ஓட்டுற மெஷின். ரத்த டெஸ்டு ரிப்போர்ட்டு பூராவும் அதுக்குள்ளதான இருக்கு. அந்தம்மா நம்ம ஆபீஸுக்கே வந்து என் எதுத்தாப்புல உக்காந்திருக்காவ.

— காலைல ஆறு மணிக்கே தானா ஓடியிருக்கணுமே. ராத்திரி எட்டுக்கு அணையணும், ஆறுக்கு எந்திரிக்கணும்னு எழுதி வச்சிருக்கேன்.

— எழுதி வச்சது உனக்குத் தெரியும், எனக்குத் தெரியும். அதுக்குத் தெரியல. ராயகிரி முத்துராமலிங்கம்னு ஒருத்தர், அவரு அப்பாவுக்குத் திருநெல்வேலியில இன்னிக்கு மத்தியானம் ஆபரேசன். ரிப்போர்ட்டைக் கண்ணால பாக்காம கத்தியைத் தொட மாட்டேன்னுட்டாராம் டாக்டர்.

— இப்ப மணி என்ன?

— பதினொண்ணே கால். நான் ஆர்டர் பிடிக்கிற ஆளு தாயி. இந்தப் பக்கம் பூராவும் நீதானே பாப்ப.

— பதறாதிய அண்ணாச்சி. என் கம்ப்யூட்டரைத் திறந்தாச்சா? மெஷின் பேருக்கு நேரா என்ன போட்டிருக்கு?

— ஸ்டாப்டு. பக்கத்துல நீளமா இன்னொண்ணு. டீ... அலோ... கேட்டட். வாயில நுழைய மாட்டேங்கு.

— சரி. மேல ஸ்டார்ட்டுன்னு இருக்கும், அமுக்குங்க.

— பத்துத் தடவை அமுக்கிட்டேன். செவப்பா ஒரு வரி வருது. இந்த சைஸுக்கு இப்போ இடம் இல்லையாம்.

— ம். அப்போ தப்பு என் பேர்லதான்.

— நம்ம மெஷினுக்கு என்னத்துக்கு இடம் இல்லாமப் போகுது?

— அது எங்கனயோ ஒரு பெரிய கம்பெனி கம்ப்யூட்டருக்குள்ள நாம பிடிச்சிருக்குற இடம் அண்ணாச்சி. திருநெல்வேலி பஸ்ஸுல ஏறி உக்காந்துட்டு டீ குடிக்க இறங்குதிய. துண்டைப் போட்டுட்டு இறங்குனா சீட்டு உங்களது. ஆனா இங்கன துண்டுக்கும் மீட்டர் ஓடும். சும்மா எதுக்குன்னு நேத்துதான் மாத்துனேன், துண்டையும் எடுத்துக்கிட்டு இறங்குற மாதிரி. நீங்க வாசிச்ச அந்த நீள வார்த்தைக்கு அர்த்தம் அதான். காலைல திரும்பி வந்தா பஸ்ஸு நெறஞ்சு கெடக்கு.

— அப்போ உள்ள கெடந்த ரிப்போர்ட்டு?

— அது பத்திரம். மூட்டை முடிச்செல்லாம் பஸ்ஸு மேல அப்படியே இருக்கு. ஆளுக்குத்தான் சீட்டு இல்ல.

— நூர்நிஷாம்மா, உங்க மூட்டை பத்திரமா இருக்காம்... சிரிக்காவ தாயி. வந்ததுலேருந்து இப்போதான் சிரிக்காவ.

— இனி நாம வேற சீட்டு கேப்போம். எடது பக்கம் சைஸுன்னு இருக்கும், தொடுங்க.

— ஏயப்பா, கல்யாண வீட்டுச் சாமான் லிஸ்டு கணக்கா வருது.

— இப்போ இருக்குறதுக்கு அடுத்த பெருசைத் தொட்டு, ரீசைஸ் குடுங்க.

— குடுத்துட்டேன். சுத்துது.

— சுத்தட்டும்.

— நீ அருவியில சுகமா நனையுத. நான் இங்கன ஏசிக்குள்ள வேர்த்து ஒழுகுதேன், பாத்துக்கோ.

— நான் எங்க நனைஞ்சேன். அரை மணி நேரமா ஓரமா நிக்கேன்.

— பெறவு எதுக்கு லீவு போட்டுட்டு அங்கன போன?

— குத்துக்கல்வலசையில வீட்டுக்குள்ள இருப்புக் கொள்ளல. நாத்தனாரு கூப்பிட்டா, வந்துட்டேன். சுத்தி முடிச்சுட்டா?

— முடிச்சுட்டு.

— இப்போ ஸ்டார்ட்.

— அமுக்கிட்டேன். ஸ்டார்ட்டிங்குது... இன்னும் ஸ்டார்ட்டிங்தான்... தாயி, பச்சை வந்துட்டு. ரன்னிங்.

— ரன்னிங்னா கரண்டு வந்துட்டுன்னுதான் அர்த்தம். எந்திரிச்சு மொகம் கழுவ ரெண்டு நிமிசம் குடுங்க. அப்புறம் லேப்புப் பக்கத்தைத் திறக்கலாம்.

— பக்கம் திறந்துட்டு தாயி. அவரு அப்பா ரிப்போர்ட்டு நம்பரைப் போட்டு எடுத்து டாக்டருக்கு அனுப்பியாச்சு. பொறு, நூர்நிஷாம்மா போன்ல பேசுதாவ... டாக்டர் பாத்துட்டாராம். முத்துராமலிங்கம் அப்பாவை உள்ள கூட்டிட்டுப் போறாவளாம். இந்தம்மா கண்ணைத் துடைச்சுக்கிட்டு உனக்குத்தான் நன்றி சொல்லுதாவ.

— தப்புப் பண்ணுனவளுக்கு என்ன நன்றி. இனிமே லேப்பு மெஷினுக்கு மட்டும் துண்டைப் போட்டே வைப்போம் அண்ணாச்சி.

— நாலு துண்டு போடு. சரி, நான் டீ சொல்லப் போறேன்.

— வச்சிராதிய. இன்னொரு நம்பரும் போட்டுப் பாருங்க.

— அதான் எல்லாம் ஓடுதே.

— ஓடுது. இது எனக்காக. நாலு ஒண்ணு ஒம்பது ரெண்டு.

— நாலு... ஒண்ணு... ஒம்பது... ரெண்டு. திறந்துட்டு. நேத்து சாயங்காலம் ரத்தம் குடுத்திருக்கு. பேரு நிர்மலாதேவி இசக்கிமணி, வயசு முப்பத்தஞ்சு. ஏ தாயி, இது நீயில்லா?

— நான்தான். காலைலேருந்து போனைக் கையிலயே வச்சிருக்கேன், ரிப்போர்ட்டைத் திறக்கத் தைரியம் வரல. கல்யாணமாகி எட்டு வருசம் ஆச்சு அண்ணாச்சி. அவரு லீவு முடிஞ்சு பட்டாளத்துக்குப் போனதுலேருந்து தெனமும் கேக்காரு. பேருக்குக் கீழ என்ன போட்டிருக்குன்னு நீங்களே வாசிச்சுச் சொல்லுங்க.

— நூர்நிஷாம்மா, இதைக் கொஞ்சம் நீங்களும் வாசிங்க.

— அண்ணாச்சி? லைன்ல இருக்கியளா?

— இருக்கேன் தாயி. எனக்கு இங்கிலீசு தப்பாயிரக் கூடாதுன்னு நூர்நிஷாம்மாவையும் வாசிக்கச் சொன்னேன். அவங்களும் அதையேதான் சொல்லுதாவ. நீ அந்த ஈரப் பாறையை விட்டு, நாத்தனாரு கையைப் பிடிச்சுக்கிட்டு மெல்ல இறங்கி வா. இனிமே நீ ஒத்த ஆளு இல்ல.