பதினாறாம் மாதிரி

வெங்காயம் அடைத்த வாத்தை எங்கள் தும்யாத்தில் சமைப்பதுபோல எகிப்தில் வேறெங்கும் சமைக்க மாட்டார்கள். அய்யா வெளியூர் என்று கேள்விப்பட்டேன். ஊர் திரும்புவதற்குள் ஒருமுறை சாப்பிட்டுப் பாருங்கள். வாத்து நன்றாகக் கொழுத்திருக்க வேண்டும். அதற்கு ஒரு மாதம் கையால் ஊட்ட வேண்டும். என் அக்கா இன்ஷிராவின் மகள் ஷஹிந்தா அதில் கெட்டிக்காரி. ஊறவைத்த மொச்சையை விரலால் வாத்தின் தொண்டைக்குள் தள்ளுவாள். தண்ணீரைத் தன் வாயில் எடுத்து அதன் அலகுக்குள் விடுவாள்.

நான் கால்நடை ஆய்வுக்கூடத்தில் பத்தொன்பது வருடமாக இருக்கிறேன். காய்ச்சல் வைரஸ்களை இனம் பிரித்துப் பெயர் எழுதுவது என் வேலை. அந்தப் பெயர்களில் ஓர் ஒழுங்கு உண்டு. முதலில் வகை, பிறகு எந்த உயிரிடம் எடுத்தது, எந்த ஊர், எத்தனையாவது மாதிரி, எந்த ஆண்டு. ஏ, கோழி, தும்யாத், எட்டு, அந்த ஆண்டு. அவ்வளவுதான். நான் எழுதியவை எல்லாம் ஏற்கெனவே பெயர் உள்ளவற்றின் பங்காளிகள். முற்றிலும் புதிதாக ஒன்றை எழுத எனக்கு வாய்த்ததில்லை.

ஷஹிந்தாவுக்கு நிச்சயித்த மெத்வல்லி மரவேலைக்காரன். என் வேலையைப் பற்றிக் கேட்டான். வைரஸுக்குச் சொந்தப் பட்டறை கிடையாது என்றேன். அடுத்தவன் பட்டறைக்குள் நுழைந்து தன் வரைபடத்தை நீட்டும். அங்கிருக்கும் ஆட்கள் தங்கள் வேலையைப் போட்டுவிட்டு அதையே செய்து தள்ளுவார்கள், பட்டறை இடிந்து விழும்வரை.

“எங்க முதலாளியோட மச்சான் வந்தாலும் இதே கதிதான் மாமா,” என்றான்.

ஒரே நாளில் இரண்டு பேர் வரைபடத்தோடு வந்தால் என்ன ஆகும் என்று கேட்டேன்.

“கலந்துபோகும். இந்த அலமாரிக்கு அந்தக் கதவ மாட்டிருவாங்க. சில சமயம் அது ரெண்டையும் விட நல்லா அமைஞ்சிரும்.”

என்னோடு வேலை செய்பவர்களைவிட அவன் சீக்கிரம் புரிந்துகொண்டான்.

குளிர்காலத்தில் அக்காவின் மொட்டைமாடியில் பதினெட்டு வாத்துகள் இருந்தன. எல்லாம் கல்யாணத்தன்று பெண் வீட்டிலிருந்து அனுப்பும் விருந்துக்கு. கூடவே சில கோழிகள். ஒரே வாரத்தில் மூன்று கோழிகள் செத்தன. நான் போய் எல்லாவற்றின் மூக்கையும் தொண்டையையும் துடைத்து எடுத்துவந்தேன். கோழிகளிடம் ஐந்தாம் வகை இருந்தது. அது கோழியைக் கொல்லும், சில சமயம் மனிதரையும். வாத்துகளிடம் ஒன்பதாம் வகை. அது சளியோடு போய்விடும். வெள்ளைச் சிறகு வைத்த ஒரு வாத்திடம் மட்டும் இரண்டும் இருந்தன. அது நன்றாகத்தான் சாப்பிட்டுக்கொண்டிருந்தது. வாத்துகள் அப்படித்தான், காட்டிக்கொள்ளாது.

ஐந்தாம் வகை என்று எழுதினால் அன்றே ஆட்கள் சாக்குகளோடு வந்து, பறவைகளைக் கொன்று மூட்டை கட்டி, அந்தத் தெருவின் மாடிகளையெல்லாம் காலி செய்வார்கள். அக்கா என் சட்டையைப் பிடித்துக்கொண்டாள்.

“தம்பி, நாள் முழுக்கக் கோழி மூக்கத் தொடைக்கிறியே, என் கண்ணையும் கொஞ்சம் தொடச்சு விடுடா. ஒரு மாசம் பொறு. விருந்துல வாத்து இல்லன்னா அவ மாமியார் சாகுறவரைக்கும் குத்திக்காட்டுவா.”

எனக்கு இருப்பது ஒரே அக்கா. ஒன்பதாம் வகை என்று மட்டும் எழுதினேன்.

மிச்சக் கோழிகளையும் வாத்துகளையும் ஒரே கூண்டில் விடச் சொன்னதும் நான்தான். குளிருக்கு ஒன்றையொன்று ஒட்டிக்கொள்ளும் என்றேன். அது பொய்யல்ல.

பிறகு வியாழன்தோறும் போனேன். வாத்துகள் என்னைக் கண்டால் ஓடும். ஷஹிந்தாதான் மடியில் வைத்துப் பிடித்துக்கொள்வாள். நான் வேலையை முடித்ததும் வாயில் தண்ணீர் எடுத்து அந்த வெள்ளைச் சிறகுக்கு ஊட்டுவாள். சொல்லலாம் என்று நினைத்தேன். தேதியை எழுதிக்கொண்டேன்.

நான்காம் வியாழன் அந்த வெள்ளைச் சிறகிடம் எடுத்தது பதினைந்தாம் மாதிரி. இந்த வைரஸின் வரைபடம் எட்டுத் துண்டுகளாக இருக்கும். அதில் மூன்று ஐந்தாம் வகையுடையவை, ஐந்து ஒன்பதாம் வகையுடையவை. அந்தச் சேர்க்கையை நான் எந்தப் பட்டியலிலும் கண்டதில்லை. முடிவு வந்த சனிக்கிழமை நதிக்கரையோரமாக வெகுதூரம் நடந்தேன். தோணிக்காரர்களுக்கெல்லாம் சலாம் சொன்னேன். அது வாத்தோடு நிற்குமா, தாண்டுமா என்பதுதான் தெரியவில்லை.

ஞாயிற்றுக்கிழமை ஷஹிந்தாவுக்கு இருமல். “கல்யாணப் பதட்டம்,” என்றாள் அக்கா. நான் பையைத் திறந்தேன்.

“வாத்து மூக்கு தீந்துபோச்சா மாமா? இப்ப என் மூக்கா?” என்று சிரித்தாள் ஷஹிந்தா. “பாத்து எழுதுங்க. என்னையும் மூட்டையில கட்டிடப் போறாங்க.”

தலையைப் பின்னால் சாய்த்து வாகாகக் காட்டினாள். அது பதினாறு.

முடிவு தெரிய இரண்டு நாள் ஆகும். உறுதியாகத் தெரியாமல் கல்யாண வீட்டைக் கலவரப்படுத்தலாமா? அந்தக் காய்ச்சலுக்கு மருந்து உண்டு. முதல் இரண்டு நாளில் கொடுத்தால் நன்றாகக் கேட்கும். எங்களுக்கென்று கொடுத்த பெட்டி என் மேசை இழுப்பறையில் இருந்தது. ஆனால் மருந்து கொடுத்துவிட்டால் அது தானாக எவ்வளவு தூரம் போகும் என்பது தெரியாமலே போய்விடும். அதே சேர்க்கைதான் என்று முடிவு வந்தது. மூன்றாம் நாளும் கொடுக்கவில்லை. நான்காம் நாள் மெத்வல்லி அவளை மருத்துவமனைக்குத் தூக்கிக்கொண்டு ஓடினான். வாத்துகளோடு அக்காவும் அவளும் எவ்வளவு பழகினார்கள் என்று மருத்துவர்கள் கேட்டபோது நான் பக்கத்தில்தான் நின்றேன். வாத்துகளுக்குச் சளி என்று சொன்னேன். கல்யாணத்துக்குக் குறித்த நாளுக்கு முந்தைய நாள் அவள் இறந்தாள்.

பிறகுதான் ஆட்கள் வந்து மாடிகளைக் காலி செய்தார்கள். ஆனாலும் வாத்துகள் நடக்கும் சத்தம் எனக்குக் கேட்கிறது, ஈரப் பாதங்கள் தரையில் ஒட்டி ஒட்டிப் பிரியும் சத்தம். நீங்கள் என்னை வைத்திருக்கும் அறைக்கு மேலேயும் கேட்கிறது. மேலே மாடி இல்லை என்று காவலர் சொல்கிறார்.

என் நோட்டு உங்கள் மேசையில் இருக்கிறது. கடைசிப் பக்கத்தைப் பாருங்கள், அழகாக எழுதியிருப்பேன். ஏ, தும்யாத், பதினாறு, இந்த ஆண்டு. எந்த உயிர் என்பது விடுபட்டிருக்கிறதே என்று கேட்பீர்கள். அது என் பிழையல்ல. மனிதரிடம் எடுத்ததானால் அந்தச் சொல்லை எழுதக்கூடாது என்பது உலகம் முழுவதும் உள்ள விதி. ஆகவே, அய்யா, நீங்கள் எவ்வளவு தேடினாலும் என் எழுத்தில் ஷஹிந்தாவுக்கு எதுவும் நடந்திருக்காது.