முன்கூட்டிக் கேட்ட கேதம்

காரைக்குடியில் நல்ல பெயரின் விலை, இன்றைய தேதிக்கு, ஆயிரம் மெயிலுக்கு இருபத்திரண்டு ரூபாய். ஜிஎஸ்டி தனி. கொஞ்சம் பேசிப் பார்த்தால் பதினெட்டுக்கும் கொடுப்போம். நீங்கள் கம்பெனியையே வாங்க வந்திருப்பதால் இதைச் சொல்வதில் எனக்கு நட்டமில்லை.

உங்கள் சென்னை அலுவலகம் அனுப்பிய கேள்வித்தாளில் நாற்பத்தொரு கேள்விகள் இருந்தன. நாற்பதுக்கு என் ஆடிட்டர் பதில் எழுதிவிட்டார். பதினேழாவதை மட்டும் என் பக்கம் தள்ளிவிட்டார்: ‘ஒப்படை மெயில் நிறுவனம் மூன்றே ஆண்டுகளில் இந்த நற்பெயரை ஈட்டியது எப்படி?’ வாங்குகிறவரிடம் சரக்கின் பழுதைச் சொல்லிவிடுவது எங்கள் வீட்டு வழக்கம். விலை முடிவான பிறகு சொல்வோம், அவ்வளவுதான். விலைதான் போன வாரமே முடிந்துவிட்டதே.

எங்கள் தொழில் உங்களுக்குத் தெரிந்ததுதான். ஒரு கடையோ வங்கியோ லட்சம் பேருக்கு ஒரே நேரத்தில் மெயில் அனுப்ப நினைத்தால் எங்கள் கிளவுட் சர்வர் வழியாக அனுப்பும். மெயில் கிளம்புவது பெரிய காரியமில்லை. ஸ்பேமில் விழாமல் இன்பாக்ஸில் போய் உட்காருவதுதான் காரியம். புது சர்வர் என்றால் பெரிய மெயில் கம்பெனிகளுக்குப் பெண் கேட்டு வந்த முன்பின் தெரியாத பையன் மாதிரி. இவன் அனுப்புவதை யாராவது திறக்கிறார்களா, பதில் போடுகிறார்களா, ஸ்பேம் என்று அமுக்குகிறார்களா என்று மூன்று வாரம் கண்காணிப்பார்கள். அந்த மூன்று வாரமும் ஜனங்கள் ஆசையாகத் திறக்கிற மெயிலாக அனுப்ப வேண்டும். இதைச் சூடேற்றுவது என்போம்.

ஜவுளிக்கடைத் தள்ளுபடியை நூறில் பத்துப் பேர் திறந்தால் அதிகம். பதில் எழுதியவர் இதுவரை யாருமில்லை. எல்லோரும் திறந்து, திறந்த கையோடு பதிலும் போடுகிற மெயில் எது? நான் நகரத்தார் வீட்டுப் பிள்ளை. ரொம்ப நேரம் யோசிக்க வேண்டியிருக்கவில்லை.

சாவு.

எங்களில் சாவுச் செய்தி வந்தால் கேதம் கேட்டாக வேண்டும். உள்ளூர் என்றால் நேரில் போய்த் துக்கம் விசாரிக்க வேண்டும். சிங்கப்பூர், சிகாகோ என்றால் உடனே இரண்டு வரி. கேட்காமல் விட்டவரை அடுத்த கல்யாணப் பந்தியில் வைத்துக் கேட்டுவிடுவார்கள். வாட்ஸ்ஆப்பில் வந்தால் வதந்தி. சங்கத்திலிருந்து மெயில் வந்தால்தான் சாவு. ஆகவே 2019-இல் எங்கள் ஊர்ச் சங்கத்துக்குப் போய், இரங்கல் மெயில்களை இலவசமாக அனுப்பித் தருகிறேன் என்றேன். செயலாளர் கண்கலங்கி, 4,811 முகவரிகளையும் கடவுச்சொல்லையும் சேர்த்தே கொடுத்துவிட்டார்.

நூற்றுக்குத் தொண்ணூற்றாறு பேர் திறந்தார்கள். பாதிப் பேர் பதில் போட்டார்கள். எங்கள் சர்வர்களைப் பெரிய கம்பெனிகள் மாப்பிள்ளையாகவே ஏற்றுக்கொண்டன. ஜவுளிக்கடை, அப்புறம் கல்யாணத் தகவல் மையம், அப்புறம் நகைக்கடன் கம்பெனி என்று வந்தார்கள். மூன்று பேராக இருந்த நாங்கள் முப்பத்து நாலு பேரானோம்.

2022 புரட்டாசியில் ஓர் இன்சூரன்ஸ் கம்பெனி வந்தது. மாதம் நாற்பது லட்சம் மெயில். ஆறு புது சர்வர்களை மூன்று வாரத்தில் சூடேற்ற வேண்டும். அந்த மாதம் பார்த்து ஊரில் யாரும் சாகவில்லை. அவர்களைக் குறை சொல்ல முடியாது. மழை நன்றாக இருந்தது, வெயிலும் இல்லை.

முதலில் பினாங்கில் ஒருவரைச் சாகவிட்டேன். சோமசுந்தரம் செட்டியார், வயது தொண்ணூற்றொன்று. பிறக்காதவர் என்பதால் அவருக்கு இதில் சிரமம் ஏதுமில்லை. முந்நூற்றுப் பன்னிரண்டு பேர் அவரை நன்றாகத் தெரியும் என்று எழுதினார்கள். ஒருவர் தனக்கு நீச்சல் கற்றுக்கொடுத்ததே அவர்தான் என்றார். ஆனால் செயலாளர், “அவுக எந்தக் கோயில் புள்ளி?” என்று கேட்டுவிட்டார். எங்களில் கல்யாணமான ஒவ்வொரு தம்பதியும் தங்கள் கோயிலில் ஒரு புள்ளி. பெயர் அங்கே பதிவாகியிருக்கும். புள்ளி இல்லாதவர் வாழ்ந்ததாகக்கூட ஒப்புக்கொள்ள மாட்டார்கள், செத்ததாக எப்படி ஒப்புக்கொள்வார்கள்? ஏதோ சொல்லிச் சமாளித்தேன். அடுத்ததற்குப் பதிவேட்டில் இருக்கிற ஆளாக வேண்டும் என்று புரிந்தது.

பள்ளத்தூர் கண்ணம்மை ஆச்சி இருந்தார். அறுபத்து மூன்று வயது. பள்ளிக்கூட அலுவலகத்தில் கணக்கு எழுதி ஓய்வு பெற்றவர். கணவர் இல்லை, பிள்ளை இல்லை. வீட்டுப் பங்கு வழக்கில் பங்காளிகள் யாரும் அவருடன் பேசுவதில்லை. காது அறவே கேட்காது என்பதால் போன் வைத்துக்கொள்ளவில்லை. வாட்ஸ்ஆப்பைக் குழாயடி என்பார். எல்லாம் மெயில்தான். அவரைத் தினம் பார்க்கிறவர்கள் பால்காரரும் பக்கத்து வீட்டு ஈஸ்வரியும். இரண்டு பேரும் சங்கத்துப் பட்டியலில் இல்லை. இதைவிடப் பொருத்தமாக யாரும் அமைய மாட்டார்கள்.

மெல்போர்னில் அண்ணன் மகன் அக்ஷய் மட்டும் ஞாயிறு தவறாமல் அவருக்கு எழுதிக்கொண்டிருந்தார். நான் கவனமானவன். ஆச்சியின் முகவரியையும் அக்ஷய் முகவரியையும் நீக்கிவிட்டு, ‘வீட்டில் ஆளில்லை, கேதத்தை மெயிலிலேயே கேட்கவும்’ என்ற குறிப்போடுதான் மெயிலை அனுப்பினேன். தொண்ணூற்றேழு சதவீதம் திறந்தார்கள். வழக்குப் போட்ட பங்காளிகள்தான் முதலில் பதில் போட்டார்கள், மிக உருக்கமாக.

அக்ஷய்க்கு அவருடைய மாமனார் அதை அனுப்பிவைப்பார் என்று நான் எதிர்பார்க்கவில்லை. அன்றே அக்ஷய் சங்கத்துக்கு எழுதினார்: ‘அயித்தைக்கு நான் கொள்ளி வைக்க வேண்டும், உடனே கிளம்புகிறேன்.’ பாவம், டிக்கெட் விலை தெரியுமா உங்களுக்கு? எல்லாம் முடிந்துவிட்டது, அலைய வேண்டாம் என்று சங்கத்தின் பெயரில் பதில் போட்டேன். அந்த ஞாயிறே ஆச்சியிடமிருந்து அவருக்கு மெயில் போயிருக்கிறது. பதறிப்போய் சங்கத்தைக் கேட்டார். அவருக்கும் மற்ற எல்லோருக்கும் ஓர் எச்சரிக்கை அனுப்பினேன்: மறைந்த கண்ணம்மை ஆச்சியின் மெயில் கணக்கை மோசடிக்காரர்கள் பிடித்துக்கொண்டார்கள், வந்தால் திறக்காமல் ஸ்பேம் என்று அமுக்கவும். எங்கள் ஆட்கள் கட்டுப்பாடானவர்கள். இரண்டே வாரத்தில் ஆச்சி எழுதுகிற எதுவும் யாருடைய கண்ணிலும் படாமல் போயிற்று.

மார்கழிக் கடைசியில் ஆச்சி எங்கள் அலுவலகப் படியேறி வந்தார். மூச்சு வாங்கியது. நான் தாளில் எழுதிக் காட்ட, அவர் வாயால் பேசினார்.

“கடுதாசியப் போய்ச் சேர வைக்கிற கம்பெனி ஒங்களதாமே தம்பி. அண்ணன் மகனுக்கு எழுதுறேன், எழுதுறேன், பதிலே இல்ல. அவன் அப்புடிப்பட்ட ஆளில்ல. நாஞ் செத்துப் போயிட்டேனா, அவன் மெயிலு செத்துப் போச்சா, என்னன்னு பாத்துச் சொல்றீகளா?”

பார்க்கிறேன் என்று எழுதினேன்.

“ஒரு கடுதாசிக்கு எம்புட்டு?”

இரண்டு காசு என்று எழுதினேன்.

“பூராம் மெசினு செய்யிது, ஒங்களுக்கு என்ன செலவு? ஒன்னரை போட்டுக்கங்க.”

ஆச்சிக்கு இலவசம் என்று எழுதினேன்.

“சும்மா தர்றவுக சரக்குல ஏதோ இருக்கும் தம்பி” என்று சிரித்து, ஐந்து ரூபாய் நாணயத்தை மேசையில் வைத்தார். “மிச்சத்த வச்சுக்கங்க. இன்னும் நெறைய எழுத வேண்டியிருக்கு.”

அங்கேயே உட்கார்ந்து தட்டச்சு செய்தார். நான் வாசித்தேன். இதய வால்வு பழுதாம். மதுரையில் தை இருபதாம் தேதி ஆபரேஷன், சொந்தக்காரர் கையெழுத்து வேண்டுமாம். ‘பயப்படாதே அப்பு. நீ வந்தால் நல்லது. வர முடியாவிட்டால் ஒரே ஒரு வரி போடு, ஈஸ்வரியைக் கையெழுத்துப் போடச் சொல்லிக்கொள்கிறேன். உன்னைக் கேட்காமல் செய்ய மனசு வரவில்லை.’

எங்கள் சர்வர் வழியாக அனுப்பினால் அது அக்ஷய் இன்பாக்ஸில் கட்டாயம் போய் உட்கார்ந்திருக்கும். அதுதானே நம் திறமை. ஆனால் ஆச்சி உயிரோடு இருப்பது தெரிந்தால் 4,811 பேரும் ஒரே நாளில் என்னை ஸ்பேம் என்று அமுக்குவார்கள். இன்சூரன்ஸ் போகும், முப்பத்து நாலு குடும்பம் தெருவுக்கு வரும். நீங்களும் வந்திருக்க மாட்டீர்கள். மெயிலை வரிசையில் நிறுத்திவைத்தேன்.

சர்வர்களைப் பார்த்துக்கொள்ளும் சத்தியப்பிரியா மறுநாள் கேட்டாள்.

“சார், ஒரே ஒரு மெயில் மட்டும் கியூல நிக்குது. தட்டி விட்டுரவா?”

“அது தானாப் போகும்மா.”

“தானா எப்புடி சார் போகும்? நீங்கதான நிறுத்தியிருக்கீக.”

அவள் கெட்டிக்காரி. தை முடிவதற்குள் வேறு வேலை பார்த்துக்கொண்டாள்.

அந்த ஒரு வரியை அக்ஷய் பெயரில் நானே எழுதிப் போட்டிருக்கலாம். யோசித்தேன். ஆனால் அடுத்தவர் பெயரில் மெயில் அனுப்புவது நம் கம்பெனி விதிகளுக்கு விரோதம்.

தை இருபது போயிற்று. ஈஸ்வரி மூன்று தடவை தாளில் எழுதிக் காட்டினாளாம், “நாங் கையெழுத்துப் போடுறேன், வாங்க ஆச்சி” என்று. “பதில் வரட்டும் ஆத்தா, தம்பி சரி பண்ணித் தாரேன்னு சொல்லியிருக்காப்புல” என்றாராம் ஆச்சி. ஆகவே முடிவு அவருடையது. இதை நீங்கள் குறித்துக்கொள்ள வேண்டும். மாசி நாலாம் தேதி விடியலில் கம்ப்யூட்டருக்கு முன்னால் நாற்காலியிலேயே போய்விட்டார்.

இந்தத் தடவை செய்தியில் ஒரு பொய்கூட இல்லை. நானே உட்கார்ந்து நல்ல தமிழில் எழுதினேன். ஆனால் ஒரு சாவுக்கு ஒரு தடவைதான் கேதம் கேட்பார்கள் எங்களில். இரண்டாம் தடவை கேட்பது வீட்டுக்கு ஆகாது. பதில் போட்ட ஒரே ஆள் அதே சங்கச் செயலாளர்: ‘இது போன வருடத்துச் சாவல்லவா? உங்கள் மெஷினைப் பாருங்கள்.’

கணக்கைச் சொல்லி முடிக்கிறேன். அனுப்பியது 4,811. போய்ச் சேர்ந்தது 4,811. திறந்தவர் ஆறு பேர். காட்டுக்கு வந்தவர் நாலு பேர்: ஈஸ்வரி புருஷன், பால்காரர், வெட்டியான், நான். வரிசையில் நிற்பது ஒன்று, அக்ஷய்க்கு ஆச்சி எழுதியது. செத்தவர் பெயரில் மெயில் போனால் நம் பெயர் கெடும் என்று இன்னும் விடவில்லை. விற்பனைப் பத்திரத்தில் அந்த ஒன்றை உங்கள் பொறுப்பில் எழுதிக்கொள்ளுங்கள்; என் பக்கம் நேர்.