கரண்ட் இருக்கிற பாட்டில்

— விழுங்கச் சொல்லிக் கொடுத்த கேப்ஸ்யூல் மாத்திரையைக் கடிச்சா பார்த்தீங்க?

— கடிக்கல டாக்டரம்மா. சத்தியமா கடிக்கல. மெதுவாத் திருகித் திறந்து, உள்ள இருந்த பொடியை நாக்குல கொட்டிக்கிட்டேன். அப்புறம் ஒரு ஸ்பூன் சீனி.

— சீனியா? சர்க்கரை வியாதிக்காரர் சீனியை வாயில போட்டுக்கிட்ட கதையை என்கிட்டயே சொல்றீங்களே சார்.

— திங்கறதுக்கா போட்டேன்? சோதனைக்கு. ஆயுசு பூரா எலக்ட்ரீஷியனா இருந்தவன் நான். எந்த ஒயர்ல கரண்ட் ஓடுதுன்னு டெஸ்டர் வச்சுப் பார்க்காம எதையும் தொட்டதில்ல. நீங்க என்ன பண்ணீங்க? எனக்கும் என் வீட்டுக்காரிக்கும் ஆளுக்கொரு பாட்டிலைக் கொடுத்தீங்க. இதுல இலைப் பொடியும் இருக்கலாம், அதே பச்சை நிறம் ஏத்தின வெறும் மாவும் இருக்கலாம், யாருக்கு எதுன்னு எனக்கே தெரியாதுன்னீங்க. அப்புறம் எனக்கு எப்படித் தூக்கம் வரும்?

— தெரியாம இருக்கறதுதான் சார் இந்த ஆராய்ச்சிக்கு உயிரே. நிஜ மருந்துன்னு தெரிஞ்சாலே சிலருக்குத் தெம்பு வந்துடும். மாவுன்னு தெரிஞ்சா மனசு விட்டுப் போயிடும். இலை வேலை செய்யுதா, நம்ம மனசு வேலை செய்யுதான்னு பிரிச்சுப் பார்க்கத்தான் இவ்வளவு பாடும்.

— அதெல்லாம் சரி. ஆனா நீங்க சோதிக்கிறது சிறுகுறிஞ்சான். அந்த இலையை மென்னுட்டுச் சீனியைப் போட்டா மண்ணு மாதிரி இருக்கும்னு எனக்கே தெரியும். டெஸ்டரை நீங்களே பாட்டில்ல போட்டுக் கொடுத்துட்டு, தொடாதேன்னா எப்படி?

— அதுக்குத்தானே கூட்டுக்குள்ள அடைச்சுக் கொடுத்தோம். நாக்குல படாம நேரா வயித்துக்குப் போகட்டும்னு. அதைத் திருகித் திறக்கிற மகானுபாவர் ஒருத்தர் வருவாருன்னு எங்க கமிட்டியில யாருக்கும் தோணல. சரி, என்ன கண்டுபிடிச்சீங்க?

— முதல்ல என்னோடதை நாக்குல போட்டேன். சீனி மணலாப் போச்சு. ஒரு துளி இனிப்பில்ல. மறுநாள் அவளோடதைப் போட்டுப் பார்த்தேன். சீனி சீனியாவே இனிச்சுது. எனக்கு அழுகை வந்துடுச்சு டாக்டரம்மா. வாயெல்லாம் இனிப்பு, கண்ணெல்லாம் தண்ணி.

— உங்களுக்குத்தானே நல்ல பாட்டில் வந்திருக்கு? அழுகை எதுக்கு?

— நல்லது எனக்கு எதுக்கு? நான் ஓய்வு வாங்கிட்டு, சோபாவுல சாஞ்சு கிடக்கிற ஆளு. அவ தையல்காரி. ரெண்டு கண்ணுலயும் புரை. ஊசியில நூல் கோக்க என்னைக் கூப்பிடுறா, நானும் கோக்கிறேன்னு ஊசியையே தொலைக்கிறேன். சர்க்கரை இறங்கினாத்தான் ஆபரேஷன்னு கண் டாக்டர் ஒத்தைக் கால்ல நிக்கிறாரு. அவளுக்குப் போய் மாவைக் கொடுத்திருக்கீங்களே, உங்களுக்கு மனசு வந்துச்சா?

— நான் எங்க சார் கொடுத்தேன், குலுக்கல்ல விழுந்தது. அதனால என்ன பண்ணீங்க? ஏன் தரையைப் பார்க்கறீங்க? என்னைப் பார்த்துச் சொல்லுங்க.

— மாத்திட்டேன். என் பாட்டில்ல இருந்ததை அவளுக்கு, அவளோடதை எனக்கு.

— எத்தனை தடவை?

— ஒவ்வொரு மாசமும். இங்க பாட்டில் வாங்கிட்டு வீட்டுக்குப் போனதும் அவ குளிக்கப் போவா. அந்த நேரத்துல வேலையை முடிச்சுடுவேன். அவகிட்ட மூச்சு விடல.

— என் தலையில கல்லைத் தூக்கிப் போட்டுட்டீங்களே சார்.

— கல்லா? இந்த மாச ரிசல்ட்டையும் படிச்சுச் சொல்லுங்க, கல்லா பூவான்னு பார்ப்போம்.

— உங்களுக்குச் சர்க்கரை நல்லா ஏறியிருக்கு. உங்க வீட்டம்மாவுக்கு மளமளன்னு இறங்கியிருக்கு. கண் ஆபரேஷனுக்கு நானே இன்னிக்குச் சரின்னு எழுதிக் கொடுக்கலாம். அந்த அளவுக்கு.

— பார்த்தீங்களா? மாவு தின்னவனுக்கு ஏறுது, இலை தின்னவளுக்கு இறங்குது. கரண்ட் எங்க ஓடுதுன்னு பச்சையாத் தெரியுதே. நியாயமா என் பேரைத்தான் உங்க ஆராய்ச்சியில முதல்ல போடணும்.

— சிரிக்க வைக்காதீங்க. நான் இப்போ கோபத்துல இருக்கணும். இந்த இலைக்காக நான் அலையாத அலைச்சல் இல்ல. பக்கத்து அறை டாக்டருங்க எனக்குப் பச்சிலை மகாராணின்னு பட்டமே கட்டிட்டாங்க. உங்க வீட்டம்மாவோட ரிசல்ட்டை அவங்க மூஞ்சியில ஒட்டணும்னு கை பரபரங்குது. ஆனா முடியாது. ரெண்டு பேரை வச்சு எதையும் சொல்ல முடியாது. அதுலயும் தில்லுமுல்லு பண்ணின ரெண்டு பேரு. உங்களை ஆராய்ச்சியிலேர்ந்து எடுத்தே ஆகணும்.

— என்னைத் தாராளமா எடுங்க. நான் மாவு தின்னு என்ன ஆகப் போகுது? அவளை மட்டும் விட்டுடுங்க டாக்டரம்மா. இப்பத்தான் அவளுக்கு நல்ல காலம் எட்டிப் பார்க்குது. அந்த இலையை நிறுத்திட்டா மறுபடி ஏறிடும். அவ ஒரு தப்பும் பண்ணல, அவளுக்கு இது எதுவுமே தெரியாது. உங்க கையைக் காலா நினைச்சுக் கேக்கிறேன்.

— அவங்களுக்குத் தெரியுமா தெரியாதான்னு நான் அவங்களைக் கேட்டுக்கிறேன். அம்மா, உள்ள வாங்க. இப்படி உக்காருங்க.

— உக்காரறது இருக்கட்டும் டாக்டரு. இவரை எடுக்கப் போறதா பேச்சு அடிபட்டுச்சே, அதை முதல்ல சொல்லு.

— ஏய், நீ எதுவரைக்கும் கேட்டே?

— சீனியிலேர்ந்து கேட்டேன். எனக்குக் கண்ணுதான் மங்கல், காது கணீர்னு இருக்கு. நீ எழுதறதைக் கொஞ்சம் நிறுத்து கண்ணு. இவரை எடுக்காதே. எடுக்கறதா இருந்தா என்னை எடு. நிஜ மருந்து சாப்பிடற ஆளு இவருதான்.

— உளறாதே. உனக்கு ஒண்ணும் தெரியாது.

— எனக்கா தெரியாது? நான் குளிக்கையில பாட்டில் உருட்டற சத்தம் தெரு வரைக்கும் கேக்குது. முதல் தடவை எலின்னு நினைச்சேன். வெளிய வந்து பார்த்தா உங்க மீசையில பச்சைப் பொடி, சீனி டப்பா திறந்து கிடக்குது. இவரு செஞ்ச மாதிரியே நானும் ரெண்டையும் நாக்குல போட்டுப் பார்த்தேன் டாக்டரு. நல்லதை என் பாட்டிலுக்கு மாத்தியிருக்காருன்னு புரிஞ்சு போச்சு.

— புரிஞ்சதும் நீங்க என்னம்மா பண்ணீங்க?

— மத்தியானம் இவரு குறட்டை விட்டதும் எல்லாத்தையும் பழையபடி மாத்தி வச்சேன். இவரு மாத்தின ஒவ்வொரு மாசமும் நானும் மாத்தினேன்.

— இருங்க, இருங்க. அப்போ இலை சாப்பிட்டது?

— இவரு.

— மாவு சாப்பிட்டது?

— நானு.

— குலுக்கல்ல யாருக்கு எது வந்துச்சோ, அவங்களுக்கே அது போயிருக்கு. ரெண்டு திருட்டுத்தனமும் ஒண்ணை ஒண்ணு அடிச்சுக்கிட்டு ஆராய்ச்சி நேராப் போயிருக்கு. சந்தோஷப்படலாம்னா, இலை சாப்பிட்டவருக்கு ஏறியிருக்கே. என் இலை கதி என்ன?

— இலையைத் திட்டாதீங்க டாக்டரம்மா. அது என் குத்தம். நல்ல மருந்தைத் தூக்கிக் கொடுத்த தியாகிக்கு ஒரு சின்னப் பரிசு வேணாமான்னு, தினமும் சாயங்காலம் பேக்கரி பக்கம் போயிட்டேன்.

— கேக்கா?

— க்ரீம் வச்சது. ஆமா, இதை விடுங்க. மாவு தின்னவளுக்கு எப்படி இறங்குச்சு? அதைச் சொல்லச் சொல்லுங்க.

— நடந்தேன். நீங்க தூங்கினதும் மொட்டை மாடிக்குப் போய், துணிக்கொடியைப் பிடிச்சுக்கிட்டே அந்தக் கோடிக்கும் இந்தக் கோடிக்கும் நடந்தேன். தட்டுல போடறதையும் பாதியாக் குறைச்சேன்.

— வெயில்லயா? கண்ணு தெரியாம? விழுந்திருந்தா என்ன ஆகறது?

— நல்லதாப் போச்சும்மா. கண் ஆபரேஷன் நடக்கணும்னு அவ்வளவு பாடுபட்டிருக்கீங்க.

— ஆபரேஷனா? கத்தின்னாலே எனக்குக் கை கால் உதறும், கண்ணு. எனக்குச் சர்க்கரை இறங்கியிருக்குன்னு நீ சொன்ன மாசமெல்லாம் இந்த மனுஷன் வீடு போய்ச் சேர்ற வரைக்கும் பஸ்ஸுல சிரிச்சுக்கிட்டே வருவாரு. தான் கொடுத்த மருந்து பலிக்கலேன்னு இவரு முகம் வாடிடக் கூடாதே, அதுக்காகத்தான் நடந்தேன்.