பத்து நிமிட விதி

பெயரும் முகவரியும் தனித்தாளில் கொடுத்திருக்கிறேன். வயது எழுபத்து நான்கு. படைத் தலைமையகத்தில் வான் ஆதரவுப் பிரிவின் பதிவாளராக இருந்து ஓய்வு பெற்றவன். யாரும் வற்புறுத்தாமல் சொல்கிறேன்.

தரையில் சண்டையிடும் வீரர்கள் வயர்லெஸ்ஸில் விமான உதவி கேட்பார்கள். கேட்ட நேரம், விமானம் போன நேரம் இரண்டையும் குறிப்பது என் வேலை. நூறு அழைப்பில் அறுபதுக்குத்தான் விமானம் கிடைத்தது. அதை உயர்த்த வழி சொல்லும்படி மேலதிகாரி கேட்டார். வீரர்கள் ஏற்கெனவே பின்வாங்கிவிட்ட இடங்களுக்கு விமானம் போய் வீணாவதைக் கண்டிருந்ததால், கேட்ட பிரிவு பத்து நிமிடம் மறுபடி பேசாவிட்டால் அழைப்பு விலக்கிக்கொள்ளப்பட்டதாகப் பதியலாம் என்று எழுதிக் கொடுத்தேன். அது சரிதானா என்று அப்போதே சந்தேகம் இருந்தது, சொல்லவில்லை. அப்படிப் பதிந்தவை கணக்கில் சேராததால், அதன்பிறகு அறுபது தொண்ணூறாயிற்று. "ஒத்தை விமானம் வாங்காம முப்பதைக் கூட்டிட்டீங்களே வாத்தியாரே!" என்று மேலதிகாரி சிரித்தார். நானும் சிரித்தேன்.

பத்தொன்பது ஆண்டுகளுக்கு முன், சம்பவ நாளன்று காலை 11.45க்கு, குன்றின்மேல் காவலில் இருந்த பிரிவின் கேப்டன் விமானம் கேட்டார். அப்போது இல்லை. 11.52க்கு மறுபடி வந்து, "என்ன வாத்தியாரே, விமானம் கிளம்பிச்சா, இல்ல இன்னும் தலை சீவிக்கிட்டு இருக்கா?" என்றார். பின்னால் யாரோ விடாமல் இருமினார்கள். அதன்பிறகு சத்தமில்லை. 12.02க்கு 'விலக்கிக்கொள்ளப்பட்டது' என்று பதிந்தேன். 12.05க்கு ஒரு விமானம் கிடைத்தது; அது வேறு பிரிவுக்குப் போயிற்று. குன்றில் பதினோரு பேரும் இறந்தார்கள்.

விசாரணையில் என் பதிவேட்டைக் காட்டி, விமானம் வேண்டாமென்று கேப்டனே சொல்லி ஆட்களைப் பலி கொடுத்தார் என்று முடிவு செய்தார்கள். நான் அந்த அறையில்தான் இருந்தேன். வாய் திறக்கவில்லை.

அதன்பிறகு வீட்டில் யாராவது பத்து நிமிடம் பேசாமல் இருந்தால் எழுந்துபோய்ப் பார்க்கிறேன். "உசிரோடதான் இருக்கேன், போய் உட்காருங்க" என்பாள் மனைவி.

சென்ற வாரம் கேப்டனின் அக்கா வந்தார். உடல்களை எடுக்கப் போன வீரர் ஒருவர் இப்போதுதான் கொடுத்ததாக ஒரு புகைப்படத்தைக் காட்டினார். விமானிக்கு இடம் காட்டும் ஆரஞ்சுத் துணி சுருக்கமில்லாமல் விரிக்கப்பட்டு, நான்கு மூலையிலும் கல் வைக்கப்பட்டிருந்தது. பக்கத்தில் வயர்லெஸ் நொறுங்கிக் கிடந்தது.

"வேணாம்னு சொன்னவன் துணிய எதுக்குங்க ஐயா விரிக்கணும்?" என்று கேட்டார். அவருக்கு நான் தண்ணீர்கூடக் கொடுக்கவில்லை.

கேப்டன் வேண்டாமென்று சொல்லவே இல்லை. அப்படி எழுதியவன் நான்.

மேற்கண்டவற்றை எனக்கு வாசித்துக் காட்டினார்கள். நான் சொன்னபடியே இருக்கிறது, எல்லாம் உண்மை. இதன் நகல் ஒன்றைக் கேப்டனின் அக்காவிடம் கொடுக்கும்படி கேட்டுக்கொள்கிறேன்.

(ஒப்பம்)