ஊதா மருந்தில் விடுபட்ட பெயர்

கல்லூரி முதல்வர் ராஜமாணிக்கம் ஐயா அவர்களுக்கு,

சென்ற வெள்ளிக்கிழமை விசாரணைக் கூட்டத்தில் இருந்தவர்கள்: மேசையின் தலைமாட்டில் தாங்கள். வலப்பக்கம், கடலூரிலிருந்து வந்த டாக்டர் ஸ்ரீதர். இடப்பக்கம் பேராசிரியர் ஞானசேகரன். டாக்டருக்கு அடுத்து, அப்பாவின் முகத்தைப் பார்க்காமல் உட்கார்ந்திருந்த பேராசிரியரின் மகள் அனுப்பிரியா. கதவோரம் ஸ்டூலில், பேராசிரியரின் ஆய்வக உதவியாளரான நான். கூட்டக் குறிப்பில் நால்வர் பெயர்தான் இருக்கிறது. டீ ஐந்து டம்ளர் வந்தது.

அது போகட்டும். குறிப்பின் கடைசி வரியைத் திருத்த வேண்டும் என்றுதான் எழுதுகிறேன். "சந்திரலேகா அம்மையாரின் மரணத்துக்கு, அனுமதியில்லாத மருந்தைத் தயாரித்துப் பூசிய கணவர் பேராசிரியர் ஞானசேகரன் ஒருவரே பொறுப்பு" என்று இருக்கிறது. அது தவறு.

மூன்று வருடம் முன்பு, மழை விட்ட ஒரு திங்கட்கிழமை, குறிஞ்சிப்பாடியில் எங்கள் வயல் வாய்க்கால் தண்ணீரை ஒரு பாட்டிலில் பிடித்துவந்து, கிருமி வளர்க்கும் பிளேட்டில் சீழ்க்கிருமியோடு சேர்த்துத் தடவி வைத்தேன். யாரும் சொல்லிச் செய்யவில்லை. புதன்கிழமை அதில் கத்தரிப்பூ நிறத்தில் புள்ளிகள் எழுந்திருந்தன. அவற்றின் பக்கத்தில் சீழ்க்கிருமி வளரவில்லை. ஞானசேகரன் சாரிடம் காட்டினேன். "இன்னாம்மா இது, மை கொட்டிட்டியா?" என்று சிரித்தார். அந்த மைதான் இன்றைக்கு ஊதா மருந்து.

இதில் ஒரு விஷயம் உண்டு. நிறம் புண்ணை ஆற்றும். நிறத்தை உண்டாக்கும் கிருமி உயிரோடு புண்ணில் இறங்கினால் ஆளைக் கொல்லும். ஆகவே நிறத்தைப் பிரித்த பிறகு கிருமி போகும்படி வடிகட்டி, அதில் ஒரு சொட்டைப் பிளேட்டில் இட்டு இரண்டு நாள் பார்க்க வேண்டும். புள்ளி எழாவிட்டால் "உயிர்க் கிருமி இல்லை, த.செ." என்று குப்பியில் லேபிள் ஒட்டுவேன். சார் என் பெயரின் அந்த இரண்டெழுத்தை மட்டும் பார்ப்பார். நூற்றுப் பதினாறு குப்பிகள் அப்படிப் போயின.

போன தையில் ஊதா மருந்து பற்றிய ஆய்வுக் கட்டுரை வெளியானது. சார் பெயரும், இயந்திரம் கொடுத்து உதவிய ஒருவர் பெயரும் இருந்தன. டீ நேரத்தில், எல்லார் முன்னாலும் கேட்டேன். "லேபிள் எழுதுறவுங்களுக்கெல்லாம் பேரு போட்டா, பாட்டில் கழுவுற ராமாமிர்தம் மாமாவுக்கும் போடணுமே தமிழ்ச்செல்வி" என்றார். "எனக்கு இனிஷியலோட போடுங்க சார்" என்றார் ராமாமிர்தம் மாமா. எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

அந்தச் சமயம் சந்திரலேகா அம்மாவுக்குச் சர்க்கரையால் குதிகாலில் ஆறாத புண். எலிச் சோதனைகூட முடியாத மருந்தை சார் வீட்டுக்கு எடுத்துப் போனார். ஞாயிற்றுக்கிழமைகளில் செம்மண்டலத்தில் அவர் வீட்டுக்குப் போய்க் குப்பி கொடுத்துப் புண்ணை அளந்து வருவது என் வேலை. இருபத்தெட்டு மில்லிமீட்டர், இருபத்தொன்று, பன்னிரண்டு. மருந்து பலித்தது. அந்த அம்மா எனக்கு இட்லி வைத்து, "உன் கைராசிடி" என்பார். அந்த வீட்டில் அதைச் சொன்னவர் அவர் ஒருவர்தான்.

நூற்றுப் பதினேழாம் குப்பியை நான் வடிகட்டவில்லை. பிளேட்டிலும் பார்க்கவில்லை. லேபிள் மட்டும் எழுதினேன். என் வேலை அதுதான் என்று சொல்லியிருந்தார்களே.

அந்தக் குப்பியைக் கொடுத்த மூன்றாம் நாள் அந்த அம்மா போன் செய்தார். "காலு எரிச்சல் ஜாஸ்தியா இருக்குதும்மா. குளிரு வேற நடுக்குது. அவுரு வைரல் காய்ச்சல்ங்கறாரு."

"எரிஞ்சா மருந்து வேலை செய்யுதுன்னு அர்த்தம்மா. விடாம பூசச் சொல்லுங்க" என்றேன்.

சார் விடாமல் பூசினார். ஐந்தாம் நாள் ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். வழக்கமான ஊசிகள் போட்டார்கள். இந்தக் கிருமி அந்த ஊசிகளுக்கு அடங்காது. எதற்கு அடங்கும் என்று போன வருடமே சோதித்து எழுதிவைத்திருக்கிறேன். அந்தத் தாள் என் மேசையின் இரண்டாம் இழுப்பறையில் இருந்தது. ஒன்பதாம் நாள் காலை பதினொன்றரைக்கு அம்மா இறந்தார். நான் அன்று லீவு எடுக்கவில்லை.

மனைவியின் காலில் தன் கையாலேயே அதைத் தடவியதை சார் ஆயுளுக்கும் நினைக்க வேண்டும். நான் விரும்பியது அவ்வளவுதான். அதற்குமேல் வாய் திறக்கும் எண்ணம் எனக்கில்லை. ஆனால் கூட்டத்தில் அவர் எழுந்து நின்று, "மருந்து என்னுது, கையும் என்னுது. நான் ஒருத்தன்தான் சார் பொறுப்பு. உதவிக்கு இருந்தவுங்களுக்கு இதுல ஒண்ணும் கிடையாது" என்றார். தாங்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டீர்கள். அனுப்பிரியா எழுந்து போய் அப்பாவின் தோளில் முகம் வைத்தாள். எவ்வளவு பெரிய மனசு என்றார் டாக்டர்.

மருந்தைத் தனதென்றார், பொறுத்துக்கொண்டேன். இதையும் தனதென்கிறார்.

ஆகவே குறிப்பில் இப்படித் திருத்தும்படி கேட்டுக்கொள்கிறேன்: சந்திரலேகாவைக் கொன்றது குறிஞ்சிப்பாடி த. தமிழ்ச்செல்வி. தெரிந்தே செய்தாள். வேறு யாருக்கும் இதில் பங்கு இல்லை.

இரண்டாம் இழுப்பறைத் தாளையும் இணைத்திருக்கிறேன். ஒரு நகல் காவல் நிலையத்துக்கு, ஒன்று அனுப்பிரியாவுக்கு. மூன்று உறைகளிலும் முகவரி எழுதியாகிவிட்டது. இதை மடித்து வைத்து ஒட்டி, நாலு மணிக்குள் சிதம்பரம் தபால் நிலையத்தில் ஒப்புகை அட்டையோடு பதிவுத் தபாலில் சேர்க்கிறேன்.

ஒட்டுவதற்கு முன் ஒரு வரி. அந்த அம்மா மேல் எனக்கு எந்தக் கோபமும் இருந்ததில்லை, ஐயா. அந்த ஒன்பது நாளும் இழுப்பறையைப் பூட்டாமலேதான் வைத்திருந்தேன். யாராவது ஒருவர் வந்து என்னைக் கேட்டிருந்தால், அந்த அம்மாவைக் காப்பாற்றியிருப்பேன்.