ஒரே சுவரின் இரு பாதிகள்

தேநீருக்கு நன்றி, ஐயா. சர்க்கரை சற்றுத் தூக்கலாக இருந்தாலும், கேட்காமலேயே தந்தீர்கள்; பெரிய மனது. நடந்தவற்றை வரிசையாகச் சொல்லிவிடுகிறேன். சொற்குற்றம் இருப்பின் பொறுத்தருள வேண்டுகிறேன்.

நான் வண்ணப்பூச்சுத் தொழிற்சாலையில் பரிசோதகன். இரண்டு பூச்சுகளில் எது நீடிக்கும் என்பதை ஒரே சுவரில் பாதி பாதியாகப் பூசித்தான் அறிய முடியும். அதற்கு முன் இரு பாதிகளையும் உப்புத்தாளால் ஒரே அளவு தேய்க்க வேண்டும். ஒன்று வழவழப்பாகவும் மற்றது சொரசொரப்பாகவும் இருந்தால் முடிவு செல்லாது.

வீட்டில் அக்காவும் நானும் மட்டும்தான். பெற்றோர் போன பிறகு தையல் இயந்திரத்தை மிதித்தே என்னைப் படிக்கவைத்தவர் அவர். அந்த மிதியில் அவருடைய வலது முழங்கால் தேய்ந்துபோயிற்று. அவர் முனகுவது அடுத்த அறையில் எனக்குக் கேட்கும். உண்மையைச் சொன்னால், அந்தச் சத்தம் என்றால் எனக்குப் பயம். அவர் படுத்துவிட்டால் எனக்கு யார் இருக்கிறார்கள்?

மாத்திரைகளுக்கு வலி கேட்கவில்லை. இணையத்தில் தேடியபோது பெப்டைடுகள் பற்றிப் படித்தேன். புரதத்தின் சிறு துண்டுகள். வலியைத் தணிக்குமா என்று இன்னும் ஆராய்ந்துகொண்டிருக்கிறார்களாம். இரண்டு வகை வரவழைத்தேன். ஒன்றுக்கு நீல மூடி, மற்றதற்கு வெள்ளை மூடி. புட்டிகளில் ‘ஆய்வுக்கு மட்டும், மனிதருக்கு அன்று’ என்று அச்சிட்டிருந்தது. நான் செய்யவிருந்ததும் ஆய்வுதானே.

அக்கா சிரித்தார். “பெயிண்ட் டப்பா மூடுறவன் எல்லாம் டாக்டரா? என் காலு என்ன காம்பவுண்டு சுவராடா?”

“ஒரே ஒரு ஊசிக்கா. எறும்பு கடிச்ச மாதிரி இருக்கும்.”

“போட்டுத் தொலை. நாளைக்கு நான் டான்ஸ் ஆடலேன்னா உன்னைத்தான் மிதிப்பேன்.”

நீல மூடி மருந்தைப் போட்டேன். வலி குறைந்த மாதிரி இருக்கிறது என்றார். ‘மாதிரி’ என்பது முடிவாகாது. வெள்ளை இதைவிட நன்றாக வேலை செய்யுமோ என்னவோ. வேறொருவருக்குப் போட்டுப் பார்ப்பது முறையன்று. ஆள் வேறு, வலியும் வேறு. அக்காவுக்கே இரண்டு கால்கள் இருக்கின்றன. ஆனால் இடது காலில் வலியே இல்லை.

தானாக வரக்கூடும் என்று காத்திருந்தேன். வரவில்லை.

ஒரு மதியம் அவர் கண்ணயர்ந்திருந்தபோது, டப்பா மூடியைத் தட்டி இறக்கும் ரப்பர் சுத்தியலை எடுத்துவந்தேன். தோல் கன்றாதிருக்க, மடித்த துண்டொன்றை இடது முழங்காலின் மேல் வைத்தேன். அக்கறை இல்லாதவன் துண்டு வைப்பானா, ஐயா?

“டேய், என்னடா பண்ற? நான் உன் அக்காடா,” என்று அலறினார். சுவரைப் பற்றிப் பொறுமையாக எடுத்துச் சொன்னேன். அதன்பின் அவர் எதிர்த்துப் பேசவில்லை; புரிந்துகொண்டார். அன்றிலிருந்து என்னை ‘நீங்க’ என்று அழைக்கத் தொடங்கினார். அக்காவின் வாயால் முதன்முறையாகக் கிடைத்த மரியாதை, நெகிழ்ந்துபோனேன்.

நடந்தால் ஒப்பீடு கெட்டுவிடும் என்பதால் அறையைப் பூட்டிவைத்தேன். கைபேசியையும் நானே வைத்துக்கொண்டேன். வலதுக்கு நீலம், இடதுக்கு வெள்ளை என்று தவறாமல் ஊசி போட்டேன்.

சிக்கல் அவருடைய பதிலில்தான் இருந்தது. கதவு திறந்ததுமே, நான் வாயெடுக்கும் முன்பே சொல்லிவிடுவார்: “ரெண்டுமே வலிக்கலைங்க. சத்தியமா நல்லா இருக்குங்க.” போர்வையைக் கழுத்து வரை இழுத்துக்கொள்வார். இரண்டுமே வலிக்கவில்லை என்றால் எந்த மருந்து சிறந்தது என்று எப்படித்தான் அறிவது?

தொட்டுப் பார்த்தேன். இடது முழங்கால் மிகவும் வீங்கியிருந்தது. அளவுக்கு மீறித் தட்டியிருக்கிறேன். பிழை என்னுடையதே. ஆகவே வலதையும் அதற்குச் சமமாக்க வேண்டியதாயிற்று.

இம்முறை துண்டை அவரே மடித்துத் தந்தார். நான் கேட்கவே இல்லை.

தைக்கக் கொடுத்த துணியை வாங்க வந்த பக்கத்து வீட்டுப் பெண்மணி சத்தம் கேட்டுக் காவல் நிலையத்தில் உங்களுக்குச் சொல்லியிருக்கிறார். அவர்மீது எனக்குக் கோபமில்லை. ஆம், இரண்டு முழங்கால்களையும் உடைத்தவன் நான்தான். அப்படியே எழுதிக்கொள்ளுங்கள்.

ஒரே ஒரு வேண்டுகோள். மருத்துவமனையில் வேறு மருந்து தொடங்குமுன், எந்தக் காலில் வலி குறைவு என்று யாரேனும் அவரிடம் கேட்டுச் சொன்னால் நன்றியுடையவனாக இருப்பேன். நானே கேட்டிருப்பேன். ஆம்புலன்சில் ஏற்றும்போது அருகில் போனேன். என்னைக் கண்டதும் முகத்தை மூடிக்கொண்டு அழுதார். வலியால் அன்று, ஐயா. தம்பியைப் பிரிகிறோமே என்றுதான்.