மேக்ஃபைலில் நாங்கள் அழித்த ஒரு சொல்

முப்பத்தோராண்டு எங்கள் மென்பொருள் பிரிவைத் தாங்கிய தகைமையே! பதறி வந்தோர்க்குப் பக்கபலமே! பிழைச்செய்தியைக் கடைசி எழுத்துவரை கேட்காமல் விசைப்பலகையைத் தொடாத பொறுமையின் பெட்டகமே! எங்கள் அன்புக்குரிய "முழுசா வாசி" அக்கா அவர்களே, வணக்கம்!

பல வேலைகளை த்ரெட் எனும் இழைகளாகப் பிரித்து ஒரே நேரத்தில் ஓட்டும் சி நிரல் கம்பைல் ஆகாமல் உயிரை வாங்கும்போதெல்லாம் உங்கள் மேசைக்குத்தானே ஓடி வந்தோம்! "பாதியில பதறாதீங்கப்பா, முழுசா வாசிங்க" என்பீர்கள். உரக்க வாசித்து முடிப்பதற்குள் பாதிப் பேருக்கு விடை தெரிந்துவிடும். மீதிப் பேர் அசடு வழிவோம்.

சென்ற ஆண்டு உங்கள் கணவர் மறைந்தார். ஆளில்லாத வீட்டை நினைத்து அஞ்சி, இன்னும் ஓராண்டு பணி நீட்டிப்புக் கேட்டீர்கள். மேலாளர் எங்கள் கருத்தைக் கேட்டார். "நாங்களே பாத்துக்குவோம் சார்" என்றோம். ஆம் அக்கா, சொன்னது நாங்கள்தான். இன்றுவரை இது உங்களுக்குத் தெரியாது.

அதே மிதப்பில்தான், நிரலைக் கம்பைல் செய்யும் கட்டளைகள் அடங்கிய மேக்ஃபைலில் நீங்கள் சேர்த்துவைத்த "பி-த்ரெட்" என்ற சொல்லையும் அழித்தோம். புதிய கணினியில் அது இல்லாமலே எல்லாம் கம்பைல் ஆயிற்று. குடிநீர் நிலையத்தின் பழைய கணினியிலோ, த்ரெட்டைத் தொடங்கும் செயற்கூறையே காணவில்லை என்று போன வாரம் பிழை வந்தது. மூன்று நாள் மண்டையை உடைத்துக்கொண்டு, வெட்கத்தை விட்டு உங்களிடம் வந்து வாசித்தோம்.

"பழைய கணினியில த்ரெட் நூலகம் தனியா இருக்கும்பா. அந்தச் சொல்லைக் கொடுத்தாத்தான் வந்து சேரும். யார் எடுத்தது?" என்றீர்கள். சிரித்துவிட்டுத் தேநீர் குடிக்கப் போனீர்கள். திட்டியிருந்தால்கூட மனம் ஆறியிருக்கும்!

உங்களுக்கு நீட்டிப்புத் தரச் சொல்லி அன்றே மேலாளரிடம் ஓடினோம். ஓய்வு ஆணை கையெழுத்தாகி இரண்டு நாள் ஆகிவிட்டது என்றார்.

அழித்த சொல்லை மீண்டும் சேர்க்க அரை நிமிடம் போதுமாயிருந்தது. உங்களைத் தக்கவைக்க எங்கள் கெஞ்சல் எதுவும் போதவில்லை.

நோயின்றி நெடுநாள் வாழ்க, அக்கா! தனிமை உங்களை அண்டாதிருக்க, வாரம் ஒருவர் உங்கள் வீட்டுக் கதவைத் தட்டுவோம். திறக்க மனமில்லையென்றால் திறக்க வேண்டாம். இம்மடலையும் சுவரில் மாட்ட வேண்டியதில்லை.

எங்கள் பிழையை முழுசா வாசித்துவிட்டோம். இனி நீங்கள்தான் சொல்ல வேண்டும்.

கண்ணீருடன்,
"நாங்களே பாத்துக்குவோம்" என்று சொன்ன
உங்கள் பிரிவின் ஊழியர்கள்